சும்மா இருப்பவள்

அமெரிக்க வருமான வரிப் படிவம் 1040-இல், கணவனும் மனைவியும் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில், ‘தொழில்’ என்று ஆளுக்கொரு சின்னக் கட்டம் உண்டு. 2014 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கணினியில் அதை நிரப்பிக்கொண்டிருந்தார். தன் கட்டத்தில் ‘சாப்ட்வேர் இன்ஜினியர்’ என்று போட்டார். என் கட்டத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ‘ஹோம்மேக்கர்’ என்று போட்டார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் தோசைக் கரண்டி இருந்தது. அவர் எழுதியது பொய் என்றும் சொல்ல முடியாது.

நான் சிவில் இன்ஜினியர். திருச்சியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தவள். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். நான் படித்த நான்கு ஆண்டுகளில் அம்மாவின் சங்கிலி எத்தனை முறை அடகுக் கடைக்குப் போய் வந்தது என்று அம்மாவுக்கும் அந்தச் சேட்டுக்கும்தான் தெரியும். என் கையெழுத்துக்குப் பிறகு கான்கிரீட் போட்ட வீடுகள் உறையூரிலும் திருவெறும்பூரிலும் இன்றைக்கும் நிற்கின்றன. 2012-இல் கல்யாணம். 2013 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் இர்விங் நகரத்தில் போய் இறங்கினேன். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவின் பெயர் எச்-4. எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவிக்கோ கணவனுக்கோ தருவது அது. அரசாங்க மொழியில் எனக்குப் பெயர் ‘டிபென்டென்ட்’. அதாவது ஒட்டி வாழ்பவள்.

அந்த விசாவில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று நான் ஒரு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேட்டேன். (என் காசு. திருச்சியில் சம்பாதித்துச் சேர்த்த கடைசிக் காசு.) படிக்கலாம், பீஸ் கட்ட முடிந்தால். வண்டி ஓட்டலாம், உரிமத்தின் காலம் விசாவோடு முடிந்துவிடும். வேலை செய்யக் கூடாது. சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. வரி கட்டுவதற்கு மட்டும் வேறொரு எண் தருவார்கள். சரி, சம்பளம் வேண்டாம், ஒரு பொறியியல் அலுவலகத்தில் இலவசமாக வேலை பழகலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். சாதாரணமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை நீ இலவசமாகச் செய்தாலும் அது வேலைதான். கோவிலில் அன்னதானத்துக்கு நானூறு பேருக்குச் சாம்பார் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெண் காலங்காலமாகக் கூலியில்லாமல் செய்த வேலையெல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணில் வேலையே அல்ல. அதனால்தான் அது தடுக்கப்படவும் இல்லை. நம் பாட்டிமார்களின் மாமனார்கள் சொன்னதும் இதுதானே? அதைச் சொல்ல வாஷிங்டனில் இத்தனை அலுவலகங்கள் எதற்கு?

காலை ஏழரைக்கு அவர் கிளம்பிவிடுவார். எங்கள் அடுக்ககத்திலிருந்து பஸ் நிறுத்தம் ஒன்றரை மைல். நடைபாதை பாதியிலேயே முடிந்து புல்லாகிவிடும். ஜூலையில் நாற்பது டிகிரி வெயில். காருக்குள் இல்லாத மனிதரை அந்த ஊர் சந்தேகமாகப் பார்க்கும். நான் ஜன்னல் வழியே எதிர்ப்புறக் கட்டடத்தின் வெளிப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதன் தாங்கு உத்திரத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்து, எவ்வளவு கம்பி போயிருக்கும் என்று பால் கணக்கு எழுதும் நோட்டில் கணக்குப் போடுவேன். ஒருநாள் அவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, “என்ன இது?” என்றார். “சும்மா” என்றேன்.

சும்மா. எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் அந்தச் சொல்லை. “நீ சும்மாதானே இருக்கே, என் பிள்ளையையும் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துடேன்.” “சும்மாதானே இருக்க, ஒரு குழந்தையப் பெத்துக்கலாம்ல.” மாமியார் வாட்ஸப்பில், “ஜாலியா இரும்மா, நாங்கள்லாம் பார்க்காத ஊரு.” என் அம்மாகூட, சங்கிலியை அடகு வைத்த அதே அம்மா, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு” என்றாள். அட்ஜஸ்ட் என்ற சொல்லைத் தமிழ்ப் பெண்களைப் போல வேறு எவரும் இவ்வளவு தேய்த்திருக்க மாட்டார்கள். நான் அறிந்தவரை ஆணுக்கு அது பஸ் சீட்டில் நகர்ந்து உட்காருவதைக் குறிக்கும். பெண்ணுக்கு ஆயுளைக் குறிக்கும்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டவளில் நானும் ஒருத்தி. எல்-1 விசாவில் வருபவரின் மனைவி 2002 முதலே வேலைக்குப் போகலாம். பிரிட்டனில் திறன் பணியாளர் விசாவில் இருப்பவரின் துணைக்கு வேலை செய்யத் தடையில்லை. எச்-4-க்கோ பூட்டு. அந்தப் பூட்டை 2015 மே 26-இல் ஒபாமா அரசு பாதி திறந்தது. கணவரின் நிரந்தரக் குடியுரிமைக்கு அவர் நிறுவனம் போட்ட ஐ-140 என்ற மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, அந்த வழியில் அவர் ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி விசா நீட்டிப்புப் பெற்றிருந்தாலோ, மனைவி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டையைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள். பெண்களின் பங்கும் அதேபோலப் பத்தில் ஒன்பதுக்கு மேல். காரணம் எளிது. எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் குடியுரிமை அட்டை இல்லை என்ற வரம்பு இருக்கிறது. இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீண்டு கிடக்கிறது. மற்ற நாட்டுப் பெண் இரண்டு மூன்று ஆண்டுகளில் கடந்துபோகும் வாசலில் நாம் குடித்தனமே நடத்திவிடுகிறோம்.

இந்தப் பாதித் திறப்பை எல்லோரும் கொண்டாடினார்கள். நானும் கேசரி கிண்டினேன். பிறகுதான் புரிந்தது, சாவி என்னிடம் இல்லை. மனுவைப் போட வேண்டியது நிறுவனம். நிறுவனத்தைக் கேட்க வேண்டியது கணவர். என் பட்டமோ அனுபவமோ எந்தப் படிவத்திலும் ஒரு வரிகூட இல்லை. எங்கள் கல்யாணச் சான்றிதழ் மட்டும் இருந்தது.

இனி சொல்லப் போவதை இவ்வளவு நாள் எவரிடமும் சொன்னதில்லை. இந்த விதி வரப்போகிறது என்பது 2014 மே மாதமே அறிவிக்கப்பட்டிருந்தது. அன்றைக்கே அவரிடம் சொன்னேன், “உங்க கம்பெனியில கேளுங்க.” கேட்டிருக்கிறேன், பார்க்கிறார்கள் என்றார். ஆறு மாதம் கழித்துக் கேட்டேன். பார்க்கிறார்கள். 2015 தீபாவளிக்கு அவருடைய அலுவலக நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். நான் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒருவர் கேட்டார், “ஏன்டா, போன வருஷமே ஹெச்.ஆர்.ல பேப்பர் போடறேன்னாங்களே, நீதானே வேணாம்னுட்டே?” இவர் தலையைக் குனிந்துகொண்டு, “அங்க போட்டா அந்தக் கம்பெனியிலயே மாட்டிக்கணும்டா, மாறலாம்னு இருந்தேன்” என்றார்.

கையில் ரசக் கிண்ணம் இருந்தது. அதைக் கொட்டவில்லை, எறியவில்லை. அவருடைய இலைக்கும் ஊற்றினேன். விருந்தாளிகள் போனபின் கேட்டேன். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. “உனக்கு இங்க என்ன குறை? நான் உன்னை எதாவது குறை வெச்சிருக்கேனா?” என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. அவர் சும்மா இருந்தாலே போதும், என் ஆயுளில் இரண்டு ஆண்டு போய்விடும். இந்த ஏற்பாட்டை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

கெட்டவராக இருந்துவிட்டால்? கணவன் அடித்தால் போலீசுக்குப் போகலாம். போன பிறகு? விவாகரத்து ஆன நாளில் எச்-4 முடிந்துவிடும். கையில் காசு கிடையாது. குழந்தை அமெரிக்காவில் பிறந்த குடிமகன், தாய் ஊருக்குத் திரும்ப வேண்டியவள். கொடுமைக்குள்ளான இத்தகைய மனைவிகளுக்கு வேலை அனுமதி தரலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அதற்கான விண்ணப்பப் படிவம் வந்தது 2017-இல். பன்னிரண்டு ஆண்டுகள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை சமையலறைகளில் எத்தனை பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை எவரும் எண்ணிவைக்கவில்லை.

ஊருக்கு வந்திருந்தபோது ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “இது வசதியானவங்க பிரச்சினை மேடம். எங்க அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க” என்றாள். அரங்கம் அமைதியானது. அந்தப் பெண் சொன்னதில் பாதி சரி. அமெரிக்க மாப்பிள்ளைக் கல்யாணங்களில் பெரும்பாலானவை சாதிக்குள், உட்பிரிவுக்குள், நகைக் கணக்கோடு நடப்பவை. என்னுடையதும் அப்படித்தான். அந்தச் சுவருக்குள் பாதுகாப்பாக இருக்கச் சம்மதித்துவிட்டு, சுவர் உயரமாக இருக்கிறதே என்று புலம்புவதில் ஒரு பொய்யும் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவளுடைய அம்மாவின் வேலை அட்டையில் அவளுடைய அம்மாவின் பெயர் இருக்கிறது. கூலி குறைவு, இழுத்தடிப்பு, எல்லாம் உண்மை. வேலை கேட்கும் உரிமை அவளுக்குச் சட்டப்படி உண்டு. அதைக் கேட்கப் புருஷன் கம்பெனியின் கையெழுத்து தேவையில்லை. வசதி வேறு, உரிமை வேறு. இரண்டையும் குழப்பித்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள்: வசதியைக் கொடுத்துவிட்டு, உரிமையைக் கேட்பவளை நன்றிகெட்டவள் என்கிறார்கள்.

இன்னொன்றையும் அந்த மாணவியிடம் சொன்னேன். என் கணவர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அந்த நிறுவனத்துக்கு உழைத்தார். இரவு பத்து மணிக்கு இந்தியாவோடு அழைப்பு. அவருக்குச் சட்டை தேய்த்து, டப்பா கட்டி, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது தூங்காமல் இருந்து, இரண்டு பேரின் பெற்றோரையும் தொலைபேசியில் பராமரித்தது யார்? ஒரு விசாவுக்கு இரண்டு ஆள். ஒருவருக்குத்தான் சம்பளம். டல்லாஸைச் சுற்றியுள்ள அந்தக் கண்ணாடிக் கட்டடங்களின் லாபத்தில் எங்கள் அடுப்புச் சூடும் இருக்கிறது. அதற்குக் கூலி இல்லை, ஓய்வூதியக் கணக்கும் இல்லை. அமெரிக்காவில் முதுமைக்கால ஓய்வூதியம் கேட்க நாற்பது புள்ளிகள் வேண்டும். சுமார் பத்தாண்டு உழைப்பு. என் முதல் நான்கு ஆண்டு ஒன்பது மாதத்துக்கு அந்தக் கணக்கில் இருப்பது பூஜ்யம்.

சிலர் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் அடுக்ககத்திலேயே ஒருவர் வீட்டில் டிபன் கட்டி விற்றார், இன்னொருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். ரொக்கம் மட்டும். யாராவது கதவைத் தட்டினால் முதலில் ஓட்டை வழியாகப் பார்ப்பார்கள். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர் இட்லி விற்றதற்காக நாடு கடத்தப்படும் பயத்தில் வாழ்ந்தார். நான் அவரிடம் இட்லி வாங்கினேன். மாவு அருமையாக இருக்கும்.

கணவர் 2015 இறுதியில் நிறுவனம் மாறினார். புது நிறுவனம் மனு போட்டு, அது ஏற்கப்பட்டு, 2017 அக்டோபரில் அட்டை என் கைக்கு வந்தது. ஐந்து ஆண்டு இடைவெளியோடு போனவளுக்கு வரைவாளர் வேலை கிடைத்தது, அதாவது நான் திருச்சியில் வேலை வாங்கிய பிள்ளைகள் செய்த வேலை. ஆனாலும் முதல் சம்பளத்தன்று கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். அட்டையின் ஆயுள் மூன்று ஆண்டுதான். அதற்குள் டிரம்ப் அரசு அந்த விதியையே நீக்கப்போவதாக அறிவித்துக்கொண்டே இருந்தது. நீக்கவில்லை, ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கியதோடு விட்டது. 2020-இல் புதுப்பிக்கக் கொடுத்தபோது கொரோனா, கைரேகை எடுக்கும் மையங்கள் மூடல், பிறகு நெரிசல். எட்டு மாதம் தாமதம். பழைய அட்டை காலாவதியான மறுநாள் என் மேலாளர் மடிக்கணினியைத் திருப்பிக் கேட்டார். அட்டை வந்தபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். மறுபடியும் முதலிலிருந்து.

போன தை மாதம் அக்கா திருச்சியிலிருந்து கூப்பிட்டாள். அவள் மகளுக்கு வரன் வந்திருக்கிறது. பையன் சார்லட்டில் இருக்கிறான், எச்-1பி, வந்து இரண்டு வருடம், நல்ல குடும்பம். “நீ அங்கயே இருக்கறவ, ஒரு வார்த்தை பேசேன்” என்றாள். வீடியோ அழைப்பில் பையன் மரியாதையாகத்தான் பேசினான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், “தம்பி, உங்க கம்பெனி ஐ-140 போட்டுட்டாங்களா?”

அவன் சிரித்தான். “இன்னும் கேக்கல ஆன்ட்டி. மெதுவா பார்த்துக்கலாம். அவங்க வேலைக்குப் போய்த்தான் ஆகணும்னு எங்க வீட்ல ஒண்ணும் இல்ல.”

அன்றிரவே அக்கா கூப்பிட்டாள். “உன்ன யாருடி பேப்பர் விசாரிக்கச் சொன்னா? பழக்க வழக்கம் எப்படின்னு பாக்கச் சொன்னா, ஆபீசர் மாதிரி கேள்வி கேக்குற.”

என் அக்கா மகள் பிசியோதெரபிஸ்ட். தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். பக்கவாதம் வந்தவர்களை மறுபடியும் நடக்க வைக்கிறாள். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது. “சித்தி, அந்த நம்பர திரும்பச் சொல்லு. நூத்தி நாப்பதா? எப்போ போடுவாங்க, எத்தனை வருஷம் ஆகும், இடையில அவருக்கு வேலை போச்சுன்னா என்ன ஆகும், எல்லாம் எழுதி அனுப்பு.”

எழுதி அனுப்பினேன். வேலை போனால் இருவருக்கும் அறுபது நாள் அவகாசம், அதையும் எழுதினேன். அவள் அதையெல்லாம் கேள்விகளாக மாற்றி, தன் பெயரில், நேரடியாகப் பையனுக்கே அனுப்பிவிட்டாள். மொத்தம் ஒன்பது கேள்விகள். பையனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அக்கா என்னோடு பேசுவதில்லை.