ஜன்னலோரத்து டம்ளர்

ஞாயிறுதோறும் நாம் திருப்பலிக்குச் செல்கிறோம். தவக்கால வெள்ளிகளில் மாமிசம் தொடுவதில்லை. மாலையில் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டுச் செபமாலையும் சொல்கிறோம். இவை யாவும் நன்றே. ஆனால் நம்மில் பலருடைய வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு டம்ளர் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதே, அது யாருக்கு? பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு. அவரும் நம் பங்கைச் சேர்ந்தவராயிருந்தால், நாம் வாங்கும் அதே நற்கருணையைத்தான் அவரும் வாங்குகிறார்.

இப்படிப் பிரித்து வைக்கும் பழக்கம் கோவிலுக்குள்ளேயே இருந்ததுண்டு. நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக் கோவிலில் சாதிவாரியாக மக்களைப் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அதே ஊரில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றவர் தேவசகாயம் பிள்ளை. சாதி பாராமல் எல்லோரோடும் பழகிய அவர் 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியபோது நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! ஆயினும் ஜன்னலிலிருந்த டம்ளர் நகரவில்லை.

வீட்டில் கேட்டால், "அது வழக்கம்" என்பார்கள். (எங்களுள் ஒருத்தி கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.) பெற்றோரை எதிர்ப்பது நான்காம் கட்டளைக்கு விரோதமல்லவா என்று நம் சகோதரிகள் கேட்கக்கூடும். எதிர்த்துப் பேச வேண்டாம். மாலையில் காபி ஆற்றுவது பெரும்பாலும் நாம்தானே? நாளைக்கு அந்த அக்காவுக்கும் நம்முடைய டம்ளரிலேயே ஊற்றிக் கொடுப்போம். குடித்தபின் அதை மற்றவற்றோடு சேர்த்துக் கழுவி, அலமாரியிலேயே அடுக்குவோம்.