கணக்குப் போடக் கணக்குத் தொடங்க வேண்டுமா?

செல்பேசியில் மேட்லாப் கிடைக்கிறது என்றதும் பொறியியல் மாணவர்கள் பலர் துள்ளிக் குதிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்! மேட்லாப் மொபைல் செயலியில் இரண்டு அணிகளைப் பெருக்கச் சொன்னால், பெருக்குவது உங்கள் செல்பேசி அல்ல. மேத்வொர்க்ஸ் நிறுவனத்தின் வழங்கி எங்கோ இருந்து பெருக்கி விடையை அனுப்புகிறது. இணையம் போனால் விடையும் போச்சு. அங்கே கணக்குத் தொடங்காதவருக்குக் கணக்கே கிடையாது!

"அதனால் என்ன, வேலை நடக்கிறதே?" என்பார்கள். நடக்கும், அவர்கள் கதவைச் சாத்தும்வரை. சீனாவில் ஹார்பின் தொழில்நுட்பக் கழகமும் ஹார்பின் பொறியியல் பல்கலைக்கழகமும் 2020-ல் அமெரிக்க அரசின் தடைப்பட்டியலில் சேர்ந்தன. ராணுவத் தொடர்பு என்றது அமெரிக்கா. உடனே இரண்டு இடத்திலும் மேட்லாப் நிறுத்தப்பட்டது. வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மாணவன் என்ன பாவம் செய்தான்?

மாற்று இல்லாமலா இருக்கிறது? ஜான் ஈட்டன் 1992-ல் எழுதத் தொடங்கிய ஆக்டேவில் மேட்லாப் நிரல்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் நிறுவினால் ஆக்டேவ், பைத்தான், நம்பை எல்லாம் கைக்குள் வந்துவிடும். நிறுவியபின் இணையத்தைத் துண்டித்துவிட்டு அணிகளைப் பெருக்கிப் பாருங்கள், விடை வரும்.

"செல்பேசிக்கு அவ்வளவு சக்தி ஏது?" என்பது அடுத்த சாக்கு. 2012-ல் வந்த ஆகாஷ் 2 பலகைக் கணினிக்கு 512 எம்பி நினைவகம்தான். அதிலேயே ஐஐடி பம்பாய் குழு சைலாபையும் பைத்தானையும் ஓட்டியது. இன்றைய சாதாரண செல்பேசி அதைவிடப் பல மடங்கு பெரியது.

குறை இல்லாமல் இல்லை. சிமுலிங்க்குக்கு ஈடானது ஆக்டேவில் கிடையாது. சின்னத் திரையில் கட்டளைகளைத் தட்டுவது எரிச்சல். ஐபோன்காரர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்: ஆப்பிள் கடையின் விதிகள் ஜிபிஎல் உரிமத்துக்கு முரண் என்று சர்ச்சை வந்து, 2010-லேயே ஜிஎன்யூ கோ விளையாட்டு அங்கிருந்து நீக்கப்பட்டது.

ஆனால் இவை திருத்தக்கூடிய குறைகள். மூலநிரல் கையில் இருக்கிறது, தெரிந்தவர் திருத்தலாம். அடுத்தவன் பூட்டிய கதவைத் திருத்த முடியுமா?

பாடத்திட்டம் போடுகிறவர்களும் யோசிக்க வேண்டும். 'அணிகளைப் பெருக்கு' என்று கேட்பது பாடம். 'மேட்லாபில் பெருக்கு' என்று கேட்பது விளம்பரம். கல்லூரி முடிந்ததும் கல்லூரி வாங்கிய உரிமம் போய்விடும். படித்த கணக்குமா கூடவே போக வேண்டும்?