இணையச் சந்தையைப் பகிஷ்கரிக்கலாமா?

இணையச் சந்தை ஒன்றிலிருந்து நமது சங்கத்தின் சரக்கை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றும், மற்ற விற்பனையாளர்கள் விடுத்திருக்கும் பகிஷ்கார அழைப்பில் நாமும் சேர வேண்டும் என்றும் அங்கத்தினர் சிலர் எழுதியும் நேரில் வந்தும் வற்புறுத்தி வருகிறார்கள். சேர்வது தற்கொலைக்குச் சமானம் என்று வேறு சிலர் வாதிக்கிறார்கள். வரும் மகாசபையில் இந்த விஷயம் தீர்மானத்துக்கு வரவிருக்கிறது. அதற்கு முன்பு இரு தரப்பு நியாயங்களையும் நிதானமாக எடை போட்டுப் பார்ப்பது நம் கடமை.

குறைகள் கற்பனையல்ல. சேரும்போது சொன்ன தரகு ஒன்று. சேர்ந்த பிறகு பிடிக்கும் தொகை வேறு. தரகின் மேல் அனுப்பு கூலி, அதன் மேல் விளம்பரக் கட்டணம், அதற்கும் மேல் திருப்பி வரும் சரக்கின் செலவு என்று கழித்துக்கொண்டே போகிறார்கள். வாங்கியவர் ஒரு போர்வையைப் பிரித்துப் பார்த்து, மனம் மாறித் திருப்பி அனுப்பினால், அது கசங்கி அழுக்கேறி நம் கிடங்குக்கு வந்து சேருகிறது. நஷ்டம் நம் கணக்கில் ஏறுகிறது. போதாததற்கு, நம் துணி இருக்கும் அதே பக்கத்திலேயே விசைத்தறித் துணி ‘கைத்தறி’ என்ற பெயரில் பாதி விலைக்கு நிற்கிறது. 11 ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. ஆனால் செல்பேசித் திரையில் தெரியும் படத்தைத் தொட்டுப் பார்த்து, இது கைத்தறியா விசைத்தறியா என்று சொல்ல எவரால் முடியும்?

மறு தரப்பிலும் உண்மை இருக்கிறது. அவிநாசி கடைவீதிக்கு ஒருநாளும் வராத வடநாட்டு வீடுகளுக்கு நம் துணி போய்ச் சேருவது அந்தச் சந்தையின் வழியாகத்தான். கிடங்கில் முடங்கிய சேலை யாருக்கும் கூலி கொடுக்காது. சரக்கு தேங்கினால் அடுத்த பாவு கொடுப்பது தள்ளிப் போகிறது, தறி நிற்கிறது, நெசவாளி வீட்டில் அடுப்பும் நிற்கிறது. பகிஷ்காரத் தீர்மானத்திற்குக் கையைத் தூக்குவது எளிது. அதன் சுமையைத் தாங்கப் போகிறவர், கூலியை நம்பித் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் மனிதர் என்பதை மறக்கலாகாது.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பகிஷ்காரம் நியாயமான ஆயுதம். ஆனால் வெளியேறுகிறவனுக்கு நுழைய வேறொரு வாசல் திறந்திருந்தால்தான் அது ஆயுதம். இல்லாவிட்டால் அது நாமே நமக்கு விதித்துக்கொள்ளும் பட்டினி.

இதை நம் பருத்தி விவசாயிகளைக் கேட்டாலே தெரியும். களத்து மேட்டுக்கே வந்து விலை பேசும் வியாபாரியிடம், “இந்த விலைக்குக் கட்டாது, போய் வாருங்கள்” என்று விவசாயி துணிந்து சொல்ல முடிகிறதென்றால் அதற்குக் காரணம் என்ன? அவிநாசி வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலக் களம் அவருக்காகத் திறந்திருக்கிறது. அங்கே பல ஊர் வியாபாரிகள் கூடி விலை கேட்கிறார்கள். எடைக்கும் பணத்துக்கும் சங்கம் பொறுப்பு. ஏலக் களம் இல்லாத காலத்தில் அதே விவசாயி அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், பருத்தி வீட்டுத் திண்ணையிலேயே கிடந்து நிறம் மங்கியிருக்கும்.

நம் அண்டையிலுள்ள விசைத்தறியாளர்களின் அனுபவத்தையும் பார்ப்போம். சோமனூர், பல்லடம், அவிநாசி, தெக்கலூர் வட்டாரங்களில் கூலிக்கு நெய்வோர் 2025 மார்ச் 19ஆம் தேதி முதல் ஒரு மாதத்துக்கு மேல் தறிகளை நிறுத்தினார்கள். கடைசியில் சோமனூர் ரகத்துக்கு 15 சதவிகிதமும் மற்ற ரகங்களுக்கு 10 சதவிகிதமும் கூலி உயர்வு கிடைத்தது. அவர்கள் வென்றதற்குக் காரணம், ஏறக்குறைய எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றதுதான். பாவு நூல் கொடுப்பவர்களுக்கு அவர்களை விட்டால் உடனே வேறு வழியில்லை. இணையச் சந்தையின் சங்கதி வேறு. நாம் இன்று மாலை விலகினால், நாளைக் காலை நம் இடத்தில் வேறொருவர் சரக்கு நிற்கும். நாம் போனது அந்த நிறுவனத்தின் கணக்கில் தெரியக்கூடத் தெரியாது. தனியொரு சங்கம் விலகுவதற்கும் ஒரு வட்டாரமே விலகுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் இதை உணர்ந்தவர்கள் என்று தோன்றுகிறது. தரகும் விளம்பரக் கட்டணமும் தாங்க முடியவில்லை என்று கூறி, 2025 ஜூலை 1ஆம் தேதி முதல் ஸ்விகி, ஜொமாட்டோ ஆகிய இரு செயலிகளுக்கும் உணவு கொடுப்பதில்லை என்று அவர்கள் சங்கமாகக் கூடித் தீர்மானித்தார்கள். ஒருவர் இருவராக விலகாமல் ஊராக விலகியதும், வேறொரு செயலியின் வழியாக உணவு அனுப்ப ஏற்பாடு தேடியதும் கவனிக்கத்தக்கவை. அவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. உண்பவர் அதே ஊரில் இருக்கிறார். நடந்து வந்தும் சாப்பிடுவார். நம் துணியை வாங்குபவரோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். ஆகவே மாற்று வாசலின் தேவை நமக்கு இன்னும் அதிகம்.

வாசல் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அது தள்ளுபடிப் போரைத் தாங்கவும் வேண்டும். 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அந்நியக் கப்பலைப் பகிஷ்கரியுங்கள் என்று சொல்லிவிட்டு மக்களைக் கரையில் நிறுத்தவில்லை. ஏறுவதற்குச் சொந்தக் கப்பலையே கொடுத்தார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், மேற்கொண்டு ஒரு குடை தருவதாகவும் ஆசை காட்டியது. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அடக்குமுறை ஒரு காரணம். கட்டணப் போட்டியைத் தாங்கும் முதல் இல்லாதது மற்றொரு காரணம். இன்றைய தள்ளுபடித் திருவிழா அன்றைய இலவசக் குடையின் பேரப்பிள்ளை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. விற்பவர் என்ற முறையில் பகிஷ்காரம் பேசும் நாமே, தள்ளுபடி நாளில் அதே செயலியில் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்குகிறோம். நம் சங்கக் கடையில் அந்த ஆண்டு எத்தனை அங்கத்தினர் துணி எடுத்தோம் என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர், 1844 டிசம்பர் 21ஆம் தேதி தங்கள் சொந்தக் கடையைத் திறந்தபோது அதில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே. அந்தக் கடை நிலைத்ததற்குக் காரணம், அதைத் திறந்தவர்களே அதில் வாங்கினார்கள் என்பதுதான். நம் கூட்டுறவு இயக்கம் முழுவதற்கும் அதுவே விதை.

ஆகவே மகாசபையின் யோசனைக்கு நாம் வைப்பது இது. முதலாவதாக, இணையச் சந்தையில் விற்ற ஒவ்வொரு ரகத்துக்கும் விலை எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு என்ற கணக்கை நிர்வாகக் குழு இந்தப் பத்திரிகையிலேயே வெளியிட வேண்டும். கணக்கைப் பாராமல் ஆத்திரத்தில் முடிவு செய்யலாகாது. நஷ்டம் தரும் ரகங்களை உடனே விலக்கிக்கொள்ள எவருடைய அழைப்பும் நமக்குத் தேவையில்லை.

இரண்டாவதாக, மற்ற வாசல்களைத் திறக்க வேண்டும். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. அரசு அலுவலகங்கள் கொள்முதல் செய்யும் ‘ஜெம்’ தளம் 2016 முதல் இருக்கிறது. எந்த ஒரு நிறுவனத்தின் பிடியிலும் சிக்காத பொது வலையமைப்பாக உத்தேசிக்கப்பட்ட ஓ.என்.டி.சி., 2022 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கிய ஐந்து நகரங்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. இவற்றில் எதுவும் குறையற்றதல்ல. ஆனால் எந்த ஒரு வாசலும் நம் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியை நமக்கு நாமே வகுத்துக்கொள்ளலாம். எங்கே விற்றாலும், 2006இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையோடுதான் நம் துணி போக வேண்டும்.

மூன்றாவதாக, சரக்குத் தேங்கும் நாட்களில் நெசவுக் கூலி நிற்காதிருக்க ஒரு தனி நிதியை ஒதுக்க வேண்டும். நான்காவதாக, அண்டைச் சங்கங்களோடு பேசி, ஒரே கோரிக்கையை எழுத்தில் வைத்து, இத்தனை நாள் என்று கெடு குறித்து விலக வேண்டும். பத்துக் கோரிக்கை வைப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. கெடு இல்லாத பகிஷ்காரம் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வதில்தான் முடியும்.

இவ்வளவும் காலம் கடத்தும் தந்திரம் என்று சிலர் நினைக்கக் கூடும். அப்படி ஆகிவிடாதிருக்கத் தீபாவளிக் கொள்முதல் தொடங்குமுன் இவற்றை முடிக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே தேதி குறிக்கட்டும். ஏற்பாடுகள் முடிந்த பின்பும் வெளியேறத் தயங்கினால், அப்போது அதற்குப் பெயர் நிதானமல்ல, கோழைத்தனம். அன்றைக்குப் பகிஷ்காரத்துக்கு முதல் குரல் கொடுப்பது இந்தப் பத்திரிகையாகவே இருக்கும்.

சித்திரையில் நம் அவிநாசித் தேரை இழுப்பவர்கள் அறிவார்கள். வடத்தைப் பிடிக்க ஆயிரம் கைகள் வேண்டும். சக்கரத்துக்குச் சன்னக்கட்டை போடக் கைதேர்ந்தவர்களும் வேண்டும். ஆயத்தமில்லாமல் நாலு பேர் ஆவேசமாக இழுத்தால் தேர் நகராது, கைதான் காயும். அங்கத்தினர்கள் அனைவரும் தவறாது மகாசபைக்கு வந்து, வடத்தில் கை வைக்குமாறு வேண்டுகிறோம்.