ஏப்ரலில் போனால் பார்க்க முடியாது



நுவரெலியாவுக்கு நாம் எப்போது போவோம்? சீசனுக்குத்தான். புத்தாண்டு முடிந்த கையோடு நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, பூக்களைப் பார்த்து, குதிரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, விக்டோரியா பார்க்கில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவோம். ஆனால் அதே பார்க்குக்கு, கழுத்தில் பைனாகுலரோடு வெளிநாட்டுக்காரர்கள் வருவது வேறு மாதங்களில்.

அவர்கள் தேடி வருவது காஷ்மீர் ஈப்பிடிப்பானை. சிட்டுக்குருவியைவிடச் சின்னது. காஷ்மீர்ப் பக்கத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, சுமார் 3,000 கிலோமீட்டர் பறந்து நம் மலைநாட்டுக்கு வருகிறது. ஒக்டோபரில் வந்தால் மார்ச் கடைசி வரை இங்கேதான். அங்கே காடு குறையக் குறைய இதுவும் குறைந்து, அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நாம் சீசனுக்குப் போய் இறங்கும்போது அது ஊருக்குத் திரும்பியிருக்கும்!

டிசம்பர் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன? கொஸ்லந்த பக்கத்தில் இருப்பவர்கள் பஸ்ஸில் ஹப்புத்தளைக்குப் போய், ரயிலில் நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்குப் போகலாம். காலை நேரம்தான் குருவி பார்க்க நல்லது. அதனால் முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். நுவரெலியாவில் சொந்தம் இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை?

ஆண் குருவியை அடையாளம் காண்பது சுலபம். தொண்டையும் நெஞ்சும் செங்கல் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு இரண்டு பக்கமும் கறுப்புக் கரை. சிவப்பு நெஞ்சுள்ள இதன் நெருங்கிய சொந்தக்காரக் குருவிக்கு அந்தக் கரை கிடையாது. பெண் குருவிதான் நம்மைக் குழப்பும். மங்கிய பழுப்பு, ஒரு கவர்ச்சியும் இல்லை. அதற்கு வாலைப் பாருங்கள். கறுத்த வால், அடியில் இரு ஓரத்திலும் வெள்ளை, அதை அடிக்கடி மேலே வெட்டி வெட்டித் தூக்கும். தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, தரையில் பூச்சியைக் கண்டால் சட்டென்று இறங்கும். போனில் ஸூம் பண்ணிப் படம் எடுக்க நினைக்காதீர்கள். ஒரு புள்ளிதான் விழும்.

இதெல்லாம் படித்தவர்கள், பணக்காரர்கள் வேலை என்று யாராவது சொன்னால் முத்துவைப் பற்றிச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் இலங்கைக்கு வரும் இன்னொரு ஈப்பிடிப்பான் உண்டு, பழுப்பு நெஞ்சுக்காரன். அதற்கு 1854இல் பெயர் வைத்தவர் லேயார்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி. வைத்தது தன்னிடம் வேலை செய்த முத்துவின் பெயரை. அந்தக் குருவியைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். அதன் விஞ்ஞானப் பெயரில் முத்து இன்றைக்கும் இருக்கிறார்.

கொழுந்து பறிக்கும் நம் பெண்களுக்கு மலையில் எந்தக் குருவி எப்போது வரும் என்று தெரியாதா? தெரியும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

காஷ்மீர்க்காரன் பார்க்கில் மட்டும் இருப்பவன் அல்ல. தேயிலைத் தோட்டத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் காட்டோரத்திலும் தங்குவான். இந்த வருஷம் உங்கள் லயத்துப் பக்கம் வாலை ஆட்டும் சின்னக் குருவியைக் கண்டால், கல்லெறிய வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தேதி, தோட்டத்தின் பெயர், நெஞ்சில் கறுப்புக் கரை இருந்ததா என்ற மூன்றையும் ஒரு தபாலட்டையில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் கையெழுத்தில் வந்தால் அப்படியே போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்