ஸ்டென்ட் வச்சாச்சு... மாத்திரையை நிறுத்தலாமா? ரத்தக்கட்டி ஆபத்து யாருக்கு அதிகம்?

"ஸ்டென்ட் வச்சு எட்டு மாசம் ஆச்சு. பல்லைப் பிடுங்கணும். மாத்திரையை நாலு நாள் நிறுத்தலாமா?" திருவான்மியூர் கடற்கரையில் காலையில் வாக்கிங் போகும்போது இப்படி ஒரு கேள்வி காதில் விழலாம். "நான் நிறுத்தினேன், ஒண்ணும் ஆகலையே" என்று பக்கத்தில் நடப்பவர் பதிலும் சொல்லிவிடுவார். அந்தப் பதில்தான் சிக்கல்.

2024-ல் நடிகர் ரஜினிகாந்துக்கு ஸ்டென்ட் வைத்தபோது அந்த வார்த்தை எல்லோர் வாயிலும் வந்தது. அது இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் வைத்தது. நாம் இங்கே பேசுவது, இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் சின்னக் குழாய்களில் வைக்கும் ஸ்டென்ட் பற்றி.

அடைப்பை விரித்துப் பிடிக்கும் இந்த உலோக வலை, உடலுக்கு அந்நியப் பொருள். ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டி உறையப் பார்க்கும். குழாயின் உட்சவ்வு வளர்ந்து கம்பியை மூடும்வரை காவல் காப்பது ஆஸ்பிரினும், கூடவே தரும் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் போன்ற இன்னொரு மாத்திரையும்தான்.

மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபோது, மறுபடி அடைப்பு வருவது குறைந்தது. ஆனால் அந்த மருந்து உட்சவ்வு வளர்வதையும் தாமதப்படுத்தியது. 2006-ல் பார்சிலோனா இதயவியல் மாநாட்டில், ஓராண்டு கழித்தும் ரத்தக்கட்டி வரலாம் என்ற தரவுகள் பெரும் பதற்றத்தைக் கிளப்பின. இன்றைய ஸ்டென்ட்கள் அதைவிட எவ்வளவோ மேல். ரத்தக்கட்டி வருவது அரிது. ஆனால் வந்தால், குழாய் சட்டென முழுசா அடைபட்டு பெரிய மாரடைப்பில் முடியலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதல் காரணம், மாத்திரையைப் பாதியில் விடுவது. அதிலும் முதல் 30 நாள் மிக முக்கியம். அடுத்து சர்க்கரை நோய் (சென்னையில் அது இல்லாத குடும்பத்தைத் தேடணும்), சிறுநீரகப் பாதிப்பு, சிகரெட், பலவீனமான இதயம். மாரடைப்பு வந்து அவசரமாக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ஸ்டென்ட் சரியாக விரியாதது, குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வைத்தது, நீளமான ஸ்டென்ட் போன்றவை நம் கையில் இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று: குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும். மரபணு காரணமாகச் சிலருக்கு அந்த மாற்றம் குறைவு. தெற்காசியர்களிடம் இது கணிசம். அசிடிட்டிக்கு நாமே மெடிக்கலில் வாங்கிப் போடும் ஒமெப்ரசோலும் அதன் வேகத்தைக் குறைக்கும். அல்சர் மாத்திரை தேவை என்றால் இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, அந்தப் பல்?

பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே தேவையில்லை. பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ பல் டாக்டரே ரத்தக்கசிவை நிறுத்திவிடுவார். தள்ளிப்போடக்கூடிய பெரிய ஆபரேஷன் என்றால் தள்ளிப்போடுவதே நல்லது. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரட்டை மாத்திரை வழக்கமாக 12 மாதம், மற்றவர்களுக்கு 6 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு டாக்டரே குறைப்பார். அதனால் பக்கத்தில் நடப்பவரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

மலம் கறுப்பாகப் போனால், அதையும் டாக்டரிடம் உடனே சொல்லணும். நீங்களாக நிறுத்தக் கூடாது. நெஞ்சுவலி வந்தால் 108-ஐ அழைத்து, ஸ்டென்ட் வைத்திருப்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்திருப்பது நல்லது.