கல்லில் விடுபட்ட வினா

பிரான்சு நாட்டின் வடபகுதியில் ஆர்சு என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் இடுகாட்டின் ஒரு பகுதியில் ஆங்கிலப் படைமறவரின் கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, மான்செசுட்டர் காலாட்படைப் பிரிவின் துணைப்படைத்தலைவரும் பாவலருமான வில்பிரடு ஓவனுடையது. கல்லின் அடிப்பகுதியில் அவர்தம் பாட்டொன்றின் சொற்களே வெட்டப்பட்டுள்ளன. ஈற்றில் இருக்கவேண்டிய வினாக்குறி மட்டும் இல்லை.

ஓவன் 1893-இல் பிறந்தவர். தந்தை தொடர்வண்டித்துறைப் பணியாளர்; பல்கலைக்கழகப் படிப்புக்குப் பொருள் வாய்க்கவில்லை. ஊர்க்கோயிற் குரவர் ஒருவருக்கு உதவியாளராய் இருந்து, பற்றுத் தளர்ந்து வெளியேறினார். போர்டோ நகரில் ஆங்கிலம் கற்பித்தார். 1915-இல் படையிற் சேர்ந்தார். 1917 வேனிற் காலத்தில் அருகே வீழ்ந்த எறிகுண்டு அவரைத் தூக்கியெறிந்தது. உடன்பணியாற்றிய தலைவர் ஒருவரின் சிதைந்த உடலருகே நாள்கள் சில கிடந்தார். உள்ளம் குலைந்த நிலையில் எடின்பரோவின் போர்க்கால மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கண்ட சீக்பிரீடு சசூன் என்னும் பாவலரின் நட்பு அவரைப் பெரும்பாவலர் ஆக்கிற்று. ஆயினும் வாழ்நாளில் அச்சேறிய பாட்டுகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

இங்கிலாந்திலேயே தங்கிவிடவும் வழி இருந்தது. தங்கினாரல்லர். தம் ஆள்களை நடத்திச் செல்லவும், அவர்தம் துன்பத்தைக் கண்டு எடுத்துரைக்கவும் 1918 ஆகத்து இறுதியில் மீண்டும் களம் புகுந்தார். அத்தோபரில் நிகழ்ந்த தாக்குதலுக்காகப் படைத்துறைச் சிலுவை வழங்கப்பட்டது. கைப்பற்றிய எந்திரத் துப்பாக்கியைத் தாமே இயக்கிப் பகைவர்க்குப் பேரிழப்பு விளைத்தார் என்பது விருதுரை. பின்னாளில் அச்சான வடிவமொன்றிலோ, அவர் பகைவர் பலரைச் சிறைப்பிடித்தார் என்றிருக்கிறது! கொன்ற கை, கட்டிய கையாயிற்று. மாற்றியவர் யாரேயாயினும், ஓவன் கேட்ட மாற்றம் அன்று அது. தாமும் கொன்றவர் என்னும் உணர்வே அவர் பாட்டின் உயிர்நாடி.

நவம்பர் 4. சாம்பர்-ஆய்சு கால்வாயைக் கடக்க முயல்கையில் ஓவன் வீழ்ந்தார். அகவை இருபத்தைந்து. போர் ஓய்ந்த 11-ஆம் நாளில், ஊரெங்கும் மணியொலிக்கும் வேளையில், சாவுச் செய்தி தாங்கிய தந்தி பெற்றோர் வீட்டை அடைந்தது.

கல்லுக்குரிய சொற்களைத் தேர்ந்தவர் தாய் சூசன் அம்மையார். மூலப்பாட்டில் ஓவன் வினவுவது இதுவே: இவ்வுடல்களுக்கு வாழ்வு மீளுமா? சாவு துடைத்தெறியப்படுமா, கண்ணீர் ஆற்றப்படுமா? முதுமையை வினவுகிறார், நிலத்தை வினவுகிறார், இரண்டும் இல்லையென்றே விடையிறுக்கின்றன. கல்லிலோ, முதல் வினா நிற்க, இரண்டாம் வினா பாதியில் வெட்டுண்டு, சாவு துடைத்தெறியப்படும் என்னும் உறுதிமொழியாய் மாறிவிட்டது. கல்லறை ஆணையம் ஒதுக்கிய அளவு இடைவெளியும் சேர்த்து 66 எழுத்து என்பது மெய்தான். ஆனால் வினாக்குறிக்கு எத்துணை இடம் வேண்டும்? (தமிழில் வினா ஆ, ஏ, ஓ என்று சொல்லோடு ஒட்டி நிற்பது, இத்துணை எளிதில் உதிராது.)

மகனை இழந்த தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையன்று. தாகூரின் கீதாஞ்சலியிலிருந்து மகன் விடைபெறுகையில் சொன்ன சொற்களை அவன் குறிப்பேட்டிலும் கண்டு, 1920-இல் தாகூருக்கே மடல் வரைந்த தாய் அவர். மீண்டும் காண்போம் என்னும் பற்றின்றி அவரால் வாழ இயலாது போயிருக்கலாம். எனினும், தாயின் ஆறுதல் வேறு. மகனின் சொல் வேறு. ஐயுற்றே களத்தில் நின்றவரை ஐயமற்றவராய்க் காட்டுவது, அவர் பட்ட பாட்டிற் பாதியை அழிப்பதாகும். இறந்தவர் எழுந்து வந்து பிழைதிருத்தவும் மாட்டார்.

சசூன் முன்னுரையுடன் 1920-இல் வெளிவந்த பாட்டுத் தொகுதியில் அவ்வினாக்குறி இருக்கிறது. ஆர்சுக்குச் செல்வோர் அந்நூலையும் உடன்கொண்டு செல்க.