ஹீமோகுளோபின் 6... உடனே ரத்தம் ஏத்தணுமா? டாக்டர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

பேரிகையில் ஒரு கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 6 என்று ரிப்போர்ட் வந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி: "ரத்தம் ஏத்த ஓசூர் போகணுமா?"

எண் மட்டும் முடிவு செய்யாது. மத்திய அரசின் 'ரத்தசோகை இல்லா பாரதம்' வழிகாட்டுதல்படி, 5 முதல் 6.9 வரை என்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து. 5-க்குக் கீழே என்றால் உடனே அட்மிஷன், ரத்தம். கடைசி மூன்று மாதம் என்றால் 7-க்குக் கீழ் போனாலே அட்மிஷன்தான். மருந்து வேலை செய்ய சில வாரம் ஆகும், பிரசவம் காத்திருக்காதே! ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல் இருந்தால் கணக்கே வேற.

அப்போ எல்லாருக்கும் ஏத்திடலாமே? 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில், ரத்தசோகைக்காக ஏற்றிய ரத்தத்தால் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியதை மறந்துவிட முடியாது.

உகாண்டா, மலாவியில் குழந்தைகளிடம் நடந்த 'டிராக்ட்' ஆய்வு 2019-ல் வெளியானது. 4 முதல் 6 வரை இருந்து, வேறு ஆபத்து அறிகுறி இல்லாதவர்களில், உடனே ரத்தம் ஏற்றியவர்களுக்கும் கண்காணித்து ஏற்றியவர்களுக்கும் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா, காத்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறகு ரத்தம் தேவைப்பட்டது. அதாவது, ராத்திரியில் திரும்ப டெஸ்ட் எடுக்க ஆள் இருக்கணும், ரத்தமும் பக்கத்தில் இருக்கணும்.

வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த டெஸ்ட் எப்போ, மூச்சு வாங்கினா எங்க வரணும்னு கேட்டுக்கிட்டு கிளம்புங்க.